பெஞ்சில் ஓர் இடம்

டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்க்கும்போது, என் அக்காள் புருஷன் திரையைப் பார்த்ததைவிட அக்கம்பக்கத்து முகங்களைப் பார்த்ததுதான் அதிகம். திரையில் கோமாளி கால் தடுக்கி விழுவான், கொட்டகை சிரிக்கும். அவர் இடது பக்கம் ஒரு தரம், வலது பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். சிரிக்கிறார்கள்தான் என்று உறுதியானதும் தானும் சிரிப்பார். அதற்குள் படம் அடுத்த காட்சிக்குப் போயிருக்கும். கதாநாயகியின் தகப்பன் கட்டிலில் கிடந்து சாகும்போது அவருடைய சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்கும். முன்னால் இருப்பவர்கள் திரும்பி முறைப்பார்கள். உடனே துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

“உங்க மாமா படம் பாக்க வர்ல தம்பி. படம் பாக்குறவங்கள பாக்க வந்துக்கிறாரு,” என்று அக்கா என் காதில் சொல்வாள்.

அவளுக்கு அப்போது கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. புருஷனிடம் கண்ட அந்தக் குணம் அவளுக்கு ஒரு வேடிக்கையாக இருந்தது. எனக்கு முதல் நாளிலிருந்தே அருவருப்பு.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. தனக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொள்கிற அளவுக்கு அவர் தனி ஆளாக ஒரு நாளும் இருந்ததில்லை.

பார்வைக்கு நன்றாகத்தான் இருப்பார். நல்ல உயரம், அகன்ற தோள். செஞ்சியில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிற வேலை. எடையில் பொய் சொல்லமாட்டார் என்று சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் அவரைத் தேடிக்கொண்டு வருவார்கள். எங்கள் நைனா சொந்த ஊரான சிங்கவரத்திலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு போனபோது அந்த ஒன்றைப் பார்த்துத்தான் மயங்கிவிட்டார். “யோக்கியன்டா” என்று வீட்டுக்கு வந்து சொன்னார். தராசின் முன்னால் நிற்கும்வரைக்கும் யோக்கியர்தான். வேலை முடிந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டால் அந்த ஆள் இருக்கமாட்டார். பெஞ்சுதான் இருக்கும்.

அந்தப் பெஞ்சைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் அப்போது ஒரு தனியார் பஸ் கம்பெனியின் புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தேன். என் ஜன்னலுக்கு நேர் எதிரே சாலையைத் தாண்டினால் பாய் டீக்கடை. கடை வாசலில் சுவரோரமாக நீளப் பெஞ்சு ஒன்று. அதன் நடுவில் தனகோடி உட்காருவார். மல்லாட்டை உடைக்கிற மில்லுக்குச் சொந்தக்காரர். ஊரில் இரண்டாவதாகக் கார் வாங்கியவர். அவருக்கு வலது பக்கம் சைக்கிள் கடைக்காரன், இடது பக்கம் ஜவுளிக்கடைக்காரர், அப்புறம் இன்னும் இரண்டு மூன்று பேர். கடைசியில், பாதி உடம்பு பெஞ்சிலும் பாதி உடம்பு காற்றிலுமாக எங்கள் மாமா. அந்தப் பாதி இடத்துக்காக அவர் பல மாதம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே டீ குடித்திருக்கிறார். இடம் கிடைத்த அன்று வீட்டுக்குப் பூந்தி வாங்கிக்கொண்டு போனாராம். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தனகோடிக்குச் சர்க்கரை வியாதி வந்தது. அவர் டீயில் சர்க்கரை வேண்டாம் என்றார். மறுநாளே பெஞ்சு மொத்தமும் சர்க்கரை இல்லாத டீ குடித்தது. எங்கள் மாமாவுக்கு இனிப்பு என்றால் உயிர். கசப்பு டீயை முகம் சுளிக்காமல் விழுங்கிவிட்டு, “இதான்டா டீ” என்பார். வீட்டுக்கு வந்ததும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று வெல்லத்தை உடைத்து வாயில் போட்டுக்கொள்வார்.

“உங்க மாமாவுக்கு டீ போடறது ரொம்ப சுலபம்பா,” என்று பாய் ஒரு தடவை என்னிடம் சொன்னார். “அவர்கிட்ட இன்னா வேணும்னு கேக்கவே வேணாம். தனகோடி கிளாச பாத்துட்டு போட்டுட்டா போதும்.”

ஆட்சி மாறிய அந்தத் தேர்தல் சமயத்தில் கூத்து இன்னும் அதிகம். மண்டி முதலாளிகள் பழைய கட்சி. பெஞ்சு அப்போதுதான் புதிய கட்சிக்குச் சாய்ந்திருந்தது. மாமா இரண்டு ஊர்வலத்திலும் போனார். இரண்டிலும் முன்வரிசைக்கு வரமாட்டார், நடுவில் இருப்பார். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவரை நான் வேண்டுமென்றே மடக்கினேன்.

“யாருக்கு மாமா போட்டீங்க?”

“எல்லாரும் யாருக்கு போட்டாங்களோ அவங்களுக்குத்தான்.”

“எல்லாரும் யாருக்கு போட்டாங்க?”

“அது எண்ணுனாத்தானடா தெரியும்!” என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். ராஜகிரிக் கோட்டை மலையில் நடந்ததும் கேட்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். வெளியூரிலிருந்து கோட்டை பார்க்க வந்த யாரோ ஒருத்தர் பாதி மலையில் மயங்கி இறங்கி வந்துவிட்டார் என்று பெஞ்சில் பேச்சு வந்தது. சைக்கிள் கடைக்காரன், “நாம போவலாமா? உச்சி வெயில்ல, செருப்பு இல்லாம?” என்றான். எல்லாரும் எழுந்தார்கள். மாமாவுக்கு உயரம் என்றால் கைகால் நடுங்கும். வீட்டுக் கூரையில் ஓடு மாற்றக்கூட ஆள் வைப்பார். அதோடு அன்று குதிகாலில் கொப்புளம் வேறு. ஆனாலும் போனார்.

மேலே, உச்சிப் பாறைக்குப் போகிற இடத்தில் பெரிய பிளவின்மேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அங்கே போனதும் உறைந்துவிட்டாராம். மற்றவர்கள் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு கை தட்டிச் சிரித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைபோலத் தவழ்ந்து கடந்தார். பாறைச் சூட்டில் உள்ளங்கையும் முட்டியும் பொத்துப்போய், ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தார். அக்காதான் எண்ணெய் தடவிவிட்டாள்.

“உங்களுக்குத்தான் பயமாச்சே. எதுக்கு போனீங்க?” என்று கேட்டாளாம்.

“எல்லாரும் போனாங்கல்ல?” என்றாராம்.

அந்த நாலைந்து பேர் பார்க்கிறார்கள் என்றால் அவர் உயிரைக்கூடக் கொடுப்பார். அது யாருடைய உயிர் என்பதுதான் பிற்பாடு தெரிந்தது.

அக்காவிடம் பிரியமில்லாதவர் என்று சொன்னால் அது பொய். அவள் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதெல்லாம் கால் பிடித்துவிடுவார். சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் சொல்லாமல் சாப்பிடுவார். கிணற்றிலிருந்து தண்ணீர்கூட எடுத்துக்கொண்டு வருவார். ஆனால் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துத்தான். ஒரு நாள் நான் அவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் குடத்தோடு வந்துகொண்டிருந்தார். தெருமுனையில் சைக்கிள் கடைக்காரன் திரும்பினான். அவ்வளவுதான். குடத்தைப் பட்டென்று தரையில் வைத்தார். வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் கொட்டிவிட்டது.

“ஏய் அஞ்சல! எங்கடி பூட்ட? ஆம்பள வூட்டுக்கு வந்தா ஒரு வா தண்ணி குடுக்க நாதியில்ல!” என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

நிறைமாத வயிற்றோடு அக்கா வெளியே வந்து பார்த்தாள். சைக்கிள் கடைக்காரன், “நல்லா கேளுண்ணே” என்று சொல்லிக்கொண்டே போனான். அக்கா குனிந்து குடத்தைத் தூக்கினாள். அவன் மறைந்ததும் இவர் ஓடிப்போய் அவள் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டார். அப்படி வாங்கிக்கொண்டதுதான் எனக்கு இன்னும் கேவலமாகப் பட்டது. கத்தியது தப்பு என்று அவருக்கே தெரிந்திருந்தது.

நாலாவது பிரசவத்தில் அக்கா பிழைத்தது பெரிய காரியம். உதிரப்போக்கு நிற்கவேயில்லை. துணி துணியாக மாற்றினார்கள். அவள் தேறி உட்கார்ந்த பிறகு, அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா மாமாவைக் கூப்பிட்டு எதிரில் நிற்கவைத்துப் பேசினார். நானும் கூட இருந்தேன்.

“இன்னொரு பிரசவத்தை இந்தப் பொண்ணு தாங்க மாட்டா. அவளுக்கு ஆப்பரேஷன் பண்ணலாம்னா உடம்புல ரத்தமே இல்ல, அதையும் தாங்க மாட்டா. ஆம்பளைங்களுக்குப் பண்றது சின்ன வேலை. பத்து நிமிஷம். அன்னைக்கே வீட்டுக்கு நடந்து போயிடலாம். நீங்க பண்ணிக்குங்க.”

மாமா அழுதார். உண்மையான அழுகை, அங்கே பார்த்து அழுவதற்கு வேறு யாரும் இல்லை. “பண்ணிக்கிறேன்மா. எனக்கு அவ இருந்தா போதும்மா” என்று கும்பிட்டார். வெளியில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “மச்சான், நீயும் கூட வாடா” என்றார். வருகிறேன் என்றேன். அந்த ஒரு நாள் எனக்கு அவர்மேல் மரியாதைகூட வந்தது.

ஆஸ்பத்திரியில் சொன்ன நாளன்று சலவை வேட்டி கட்டிக்கொண்டு புக்கிங் ஆபீசுக்கு வந்தார். விழுப்புரம் பஸ்சை அனுப்பிவிட்டு நான் கிளம்பவேண்டும், கொஞ்ச நேரம்தான். அதுவரை நிற்கட்டும் என்று நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். எதிர்ப் பக்கத்திலிருந்து தனகோடி குரல் கொடுத்தார்.

“இன்னாடா, சலவ வேட்டியெல்லாம் பலமா இருக்குது?”

“சும்மாதாண்ணே,” என்றபடி இவர் சாலையைத் தாண்டிப் போனார். கூப்பிட்டால் போகாமல் இருக்கத் தெரியாது.

“சும்மாவா? ஆஸ்பத்திரில காயடிக்கிறாங்களாம்ல? கம்பவுண்டரு டீ குடிக்க வந்தப்ப சொன்னான். உம் பேருதான் மொத பேராம்.”

பெஞ்சு குலுங்கிச் சிரித்தது.

“அப்பிடின்னா மாட்டாஸ்பத்திரி அந்தப் பக்கம்டா,” என்றான் சைக்கிள் கடைக்காரன்.

“அப்பறம் மூட்ட தூக்க முடியாதாம்பா. கொரலும் கீச்சுன்னு பூடுமாம்,” என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

நான் ஜன்னலை அடைத்துவிட்டு ஓடினேன். “அண்ணே, வெளயாட்டு இல்லண்ணே. இன்னொரு பிரசவம்னா அக்கா பொழைக்க மாட்டான்னு டாக்டரம்மா சொல்லிக்கிறாங்க,” என்றேன்.

தனகோடி என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. சாந்தமாகத்தான் பேசினார். “நாங்க இன்னாப்பா சொன்னோம்? போவாதன்னு சொன்னமா? போவட்டும். அவன் இஷ்டம்.” சொல்லிவிட்டுத் தோளில் இருந்த துண்டை எடுத்து, பெஞ்சின் கடைசியில், மாமா உட்காரும் அந்தப் பாதி இடத்தில் போட்டார்.

மாமா அந்தத் துண்டையே பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். “வாங்க மாமா, நேரமாவுது.” கை வரவில்லை. உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. சினிமாக் கொட்டகையில் நான் பார்த்த அதே சிரிப்பு.

“யாருண்ணே சொன்னது ஆப்பரேஷன்னு? நான் மண்டிக்கி போயிக்கினு இருக்கறேன். இவன் சின்ன பையன், எதையாவது சொல்லுவான்,” என்றார். தனகோடி துண்டை எடுத்துக்கொண்டார். மாமா உட்கார்ந்தார். பாய் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர் அக்காவிடம், “டாக்டர் வர்லையாம். அப்பறம் வரச் சொன்னாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே நுழைந்தேன். நடந்ததை அப்படியே சொன்னேன். அக்கா கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

“நெசமா?” என்றாள் அவரைப் பார்த்து.

“நாலு பேரு சிரிக்கறாங்க அஞ்சல. நாளைக்கி அவங்க மூஞ்சில எப்புடி முழிக்கறது?”

“எம் மூஞ்சில முழிக்கிறீங்களே,” என்றாள் அக்கா.

அவர் “பாக்கலாம், பாக்கலாம்” என்று முணுமுணுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனார். அக்கா எழுந்து எனக்குச் சோறு போட்டாள். “நீ சிங்கவரத்துக்கு வந்துடுக்கா. இவரு பண்ணிக்கிற வரைக்கும் அங்கயே இரு,” என்றேன். அவளும் யோசித்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

வந்தவளை எங்கள் வீட்டிலேயே இருக்கவிட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேறு முடிவு. ஒரு மாதம் போகவில்லை, நைனாவின் முகம் மாறத் தொடங்கியது. களத்துமேட்டில் யாரோ கேட்டார்களாம், கோயிலில் யாரோ கேட்டார்களாம். “வாழாவெட்டின்னு ஊரு பேசும்டா. எனக்கு இன்னொரு பொண்ணு இருக்குது, அத எவன் கட்டுவான்?” என்றார். தனகோடியின் காரில் பெஞ்சே மாமாவோடு வந்து இறங்கியது. பழத்தட்டு, வெற்றிலை பாக்கு எல்லாம் இருந்தது. தனகோடி பெரிய மனுஷன் மாதிரி, “பொண்ண அனுப்பி வையுங்க, நான் பொறுப்பு” என்றார். எதற்குப் பொறுப்பு என்று நான் கேட்டதற்கு நைனா என்னை அதட்டி வெளியே அனுப்பினார். யோக்கியன் என்று சொல்லி மாப்பிள்ளை பிடித்தவருக்கும் பஸ் ஸ்டாண்டுப் பெஞ்சுக்கும் அன்றைக்கு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கார் ஏறும்போது அக்கா என்னைப் பார்த்து, “வுடுடா தம்பி” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஆடியில் அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். டாக்டரம்மா மாமாவை என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது; அறையிலிருந்து வெளியே வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு மாசாமாசம் கூட்டிக்கொண்டு போனார். ஈரல் வாங்கிக் கொடுத்தார், முருங்கைக் கீரை பறித்துக் கொடுத்தார். கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டார். செய்யவேண்டிய அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் செய்தார்.

அவளுக்கு வலி கண்டது ஒரு காலைப் பொழுதில். மத்தியானத்துக்குள் டாக்டரம்மா, “என்னால முடியாது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்றார். தனகோடி ஒரு வார்த்தை கேட்காமல் காரைக் கொடுத்தார். சைக்கிள் கடைக்காரன் தன் வீட்டு மெத்தையைக் கொண்டுவந்து பின் சீட்டில் விரித்தான். அவர்களும் பதறினார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். எங்கள் அம்மா மடியில் அக்காவின் தலை இருந்தது. நான் முன் சீட்டில். பாதி வழி தாண்டி, ஒரு புளியமரச் சாலையில் அம்மா, “வண்டிய நிறுத்துப்பா” என்றாள். அப்படிச் சொன்ன குரலிலேயே தெரிந்துவிட்டது. குழந்தையும் பிழைக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நடுவே மாமா உட்கார்ந்திருந்ததை நான் மறக்கமாட்டேன். தனகோடி, “விதி யார வுட்டுச்சு” என்றார். “ஆமாண்ணே, விதி” என்றார் மாமா. அடுத்து வந்த ஒருத்தர், “ஆஸ்பத்திரில சரியா பாத்திருந்தா பொழச்சிருப்பா” என்றார். எந்தத் தப்பும் செய்யாத அந்த டாக்டரம்மாவை நினைத்துக்கூடப் பார்க்காமல் மாமா, “ஆமா, சரியா பாக்கல” என்றார். இன்னொருத்தர் ஜாதகம் என்றார். “ஆமா, ஜாதகம்” என்றார். அப்போது உள்ளேயிருந்து எங்கள் அம்மா தலைவிரி கோலமாக வந்து அவர் எதிரில் நின்றாள்.

“நீதான்டா எம் பொண்ண கொன்ன!”

அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

“ஆமா அத்த,” என்றார்.

அது குற்ற உணர்ச்சியா, பழக்கமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். அரசாங்கம் ஆம்பளைகளின் ஆப்பரேஷனுக்கு மும்முரம் காட்டத் தொடங்கியது. தாலுகா ஆபீசில் மில்காரர்களையும் கடைக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசினார்கள். என்ன பேசினார்களோ, தனகோடி திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, “ஒண்ணுமே இல்லடா. எறும்பு கடிச்ச மாதிரி இருக்குமாம். படிச்சவன்லாம் பண்ணிக்கிறான். பண்ணிக்காதவன் பட்டிக்காட்டான்” என்றார். மாட்டாஸ்பத்திரி என்று சொன்ன வாயெல்லாம் மறுநாளே மாறிப்போனது. பெஞ்சு மொத்தமும் போவதென்று முடிவாயிற்று. எங்கள் கம்பெனி பஸ் ஒன்றைப் பிடித்து, வாழைமரம் கட்டி, முன்னால் துணியில் குடும்பக் கட்டுப்பாடு என்று எழுதித் தொங்கவிட்டார்கள். பஸ்சோடு போய் வரும்படி முதலாளி என்னை அனுப்பினார்.

ஏறினவர்களில் எங்கள் மாமாவும் இருந்தார். அதே மாதிரி சலவை வேட்டி.

“நீ எதுக்கு வர்ற?” என்றேன். அவரை அதுவரை நான் ஒருமையில் பேசியதில்லை.

“எல்லாரும் போறாங்கடா மச்சான்,” என்றார். தனகோடி பின்னால் திரும்பி, “வரட்டும்பா. பெஞ்சுல ஒருத்தன் மட்டும் பாக்கின்னு இருக்கக்கூடாதில்ல?” என்றார். அந்தப் பஸ்சில் இருந்த ஒருவருக்கும் அந்த ஆளுக்குப் பெண்டாட்டி இல்லை என்பது நினைவுக்கு வரவில்லை. அல்லது, வந்தும் அது ஒரு பொருட்டாகப் படவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசை. வெளியூர் டாக்டர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கேட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.

“எத்தன குழந்தை? வீட்டம்மாவுக்குச் சம்மதமா?”

“சம்மதம்தாங்க” என்று தனகோடி உள்ளே போனார். “சம்மதம்தாங்க” என்று ஜவுளிக்கடைக்காரர் போனார். சைக்கிள் கடைக்காரன் போனான். கடைசி ஆள் மாமா.

“எத்தன குழந்தை?”

“நாலுங்க.”

“வீட்ல சம்மதமா?”

“சம்மதம்தாங்க,” என்றார். முன்னால் போனவர்கள் சொன்ன அதே ராகத்தில் சொன்னார்.

நான் சுவரோரம் நின்றவன் முன்னால் போய், “இவரு சம்சாரம் செத்துப் பூட்டாங்க சார். எங்க அக்காதான்,” என்றேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். “மறுபடி கல்யாணம் பண்ணிக்கப்போறீங்களா?”

“அய்யோ, இல்லீங்க.”

“அப்பறம் யாருக்காகய்யா இது? போங்க, வீட்டுக்குப் போங்க.”

மாமா நகரவில்லை. கை கூப்பினார். “சார், பண்ணிடுங்க சார். எல்லாரும் உள்ள பூட்டாங்க சார். நான் மட்டும் எப்புடி சார் திரும்பிப் போறது?”

இதைச் சொல்லும்போது அவர் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த மனிதர் அன்றைக்கு அந்தப் பெஞ்சைத் தாண்டி இந்த வராந்தாவுக்கு வரும்படி ஒரு டாக்டரம்மா எடுத்துச் சொன்னார், நான் கையைப் பிடித்து இழுத்தேன், ஒரு பெண் உயிரோடு காத்திருந்தாள். அப்போதெல்லாம் அசையாத கால் இது.

டாக்டர் எழுந்து உள்ளே போய்விட்டார். மாமா வராந்தாத் தூணின் மறைவில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராக, காலை அகட்டி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்து அவர்களோடு கலந்துகொண்டார். அவரும் காலை அகட்டித்தான் நடந்தார்.

என் பக்கம் வரும்போது, “சொல்லிடாத மச்சான்” என்றார் காதோரம்.

பஸ்சில் சைக்கிள் கடைக்காரன், “எப்புடிண்ணே இருக்குது?” என்று கேட்டான். “எறும்பு கடிச்ச மாதிரி,” என்றார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்காக இல்லை. அந்தப் பெஞ்சுக்கு ஓர் உண்மையைச் சொல்வது எனக்கு அசிங்கமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் அவரவர் வீட்டு ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். அக்காவின் மூத்த பெண் வள்ளியும் வந்திருந்தாள். பத்து வயசுக்குள்தான் இருக்கும். உன் நைனாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி வராததைப் பார்த்த பெண் அது. முகமெல்லாம் வெளுத்து, பஸ் நிற்பதற்கு முன்பே படிக்கட்டுக்கு ஓடி வந்தாள்.

“நைனா! இன்னா நைனா ஆச்சு? வலிக்குதா?”

“அவருக்கு ஒண்ணும் இல்ல வள்ளி,” என்றேன் நான்.

மாமா என்னைப் பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். தனகோடியும் மற்றவர்களும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு “ஸ்ஸ்” என்றார்.

“மெதுவா நைனா, மெதுவா. என்ன புடிச்சிக்க,” என்று அந்தப் பெண் தன் தோளைக் கொடுத்தாள்.

அவர் தன் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டு நடந்தார்.